பெங்களூர்ச் செடிக்குப் போத்து வைத்தவன்

அண்ணி,

இன்று காலை உங்கள் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், முழங்கைப் பக்கம் நாவல்பழம் நசுங்கினாற்போல ஒரு கறை. உங்கள் பெங்களூர்ச் செடியின், அதுதான் அந்த ஆஸ்பரகஸ், காய் ஒன்று கைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருக்கிறது. உள்ளே மிளகை விடச் சின்னதாக ஒரே ஒரு கறுப்பு விதை. விதையை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உங்கள் நினைப்பாகவே இருந்தது. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் எழுத்துக்காரன் இல்லை. எட்டாவது வரை படித்தவன். ஊரில் பத்தாவது என்று சொல்லிவைத்திருக்கிறேன். மீதி இரண்டு வகுப்பு எப்படி வந்து சேர்ந்தது என்று உங்களுக்கு மட்டும் தெரியும். கூட்டிச் சொல்வது எனக்குக் கை வந்த பழக்கம். இந்த மடலில் கூட்டக் கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் எங்காவது கூட்டினால் நானே திருத்திவிடுகிறேன்.

நீங்கள் கல்யாணமாகி எங்கள் வூட்டுக்கு வந்த அன்று ஊரே திரண்டு நின்றது. இல்லை, ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பெங்களூர் பஸ் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் கடந்து தருமபுரியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து மாட்டு வண்டி. அவ்வளவு தூரமும் மடியில் ஒரு மண்தொட்டியை வைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். பெட்டியை அண்ணனிடம் கொடுத்தீர்கள், தொட்டியைக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு பூக்கடையில் கொத்துக் கட்டும் வேலை பார்த்தவர் நீங்கள். கடைக்காரம்மா சீதனமாகக் கொடுத்த செடி அது.

அப்படி ஒரு செடியை நம் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. காம்பு நூல்போல. இலை என்று தனியாக ஒன்றைக் கிள்ளிக் காட்ட முடியாது. பச்சைப் புகையை யாரோ தட்டையாக மடித்து அடுக்கி வைத்தாற்போல இருந்தது. "இதுல என்னாங்க காய்க்கும்?" என்று நான் கேட்டேன்.

"திங்கறதுக்கு ஒண்ணும் காய்க்காதுங்க தம்பி. பார்க்கறதுக்குத்தான்."

"பார்க்கறதுக்கா ஒரு செடி! அப்ப நம்மூரு எருக்கம் என்னா பாவம் பண்ணிச்சு?"

நீங்கள் அன்றைக்கே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். புதுப்பெண் சிரிக்கிறாளே என்று பெரியவர்கள் முறைத்தார்கள். என் பேச்சை மதித்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வேறு வகை.

ஆறு வருஷம் அந்தச் செடி தாழ்வாரத்தின் நிழலில் இருந்தது. கோவில் பீடத்துப் பூச்சாடிகளில் சம்பங்கிக்கு நடுவே அந்தப் பச்சையை நீங்கள் செருகினால், சாமியார் பிரசங்கத்தை மறந்து அதைப் பார்ப்பார் என்று நான் சொல்லித் திரிந்தேன். அது பொய்தான். ஆனால் நான் பார்ப்பேன். ஆறு வருஷமாக உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வூட்டுக்குள் யாரும் பேச மாட்டோம். வூட்டுக்கு வெளியே பேசுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் தருமபுரி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆன சமயத்தில், எங்கள் தங்கை பிலோமினாவுக்கு மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வரன் அமைந்தது. ஈஸ்டர் பாஸ்கா முடிந்த மறு வாரம் கல்யாணம். பாஸ்காவுக்கு ஒன்றரை மாதம் முன்பு, விபூதிப் புதன் அன்று, உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. நீங்கள் பெங்களூருக்குக் கிளம்பினீர்கள். கிளம்பும்போது என்னைத்தான் கூப்பிட்டீர்கள். அண்ணனைக் கூப்பிடவில்லை. அதை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

"தண்ணி மட்டும் ஊத்துங்க தம்பி. மண்ணு காஞ்சா ஊத்துங்க, ஈரமா இருந்தா வேணாம். கத்தி மட்டும் வெச்சிடாதீங்க. பிலோமி கைக்கொத்துக்கு இதுல இருந்துதான் எடுக்கணும்."

"ஏனுங்க அண்ணி, நாலு போத்து வெட்டி நட்டம்னா கல்யாணத்துக்கு நாலு தொட்டி ஆயிடுமே?"

"இது முருங்கை இல்லீங்க. தண்டை வெட்டி நட்டா வராது. விதையில வரணும், இல்லாட்டி வேரோட பிரிக்கணும். வந்து நானே பிரிக்கறேன்."

"நம்ம கைக்கு வராத செடியும் இருக்குதுங்களா?"

"இருக்குது. இதுதான்."

அந்த வார்த்தைதான் என்னைக் குத்திவிட்டது. நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்கள் என்று தெரிந்தும் குத்தியது. நம் ஊரில் முருங்கையை விதை போட்டு யார் வளர்த்தார்கள்? கிளையை வெட்டி, முனையில் சாணியை அப்பி, குழியில் நட்டால் தீர்ந்தது. அதுதான் போத்து. வேலிக்குக் கிளுவைப் போத்து, கொட்டகைக்குப் பூவரசம் போத்து, எல்லாம் நான் நட்டால் பிடிக்கும். ராசியான கை என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை எனக்கு வைத்ததும் நான்தான். டீக்கடையில் போய் உட்கார்ந்து, "கல்யாணத்தன்னிக்குப் பாருங்க, கோவில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் ரெண்டு பக்கமும் பெங்களூர்ச் செடி. நாப்பது தொட்டி!" என்றேன். சொன்ன பிறகு நாற்பது தொட்டி வேண்டுமே!

மறுநாளே வெட்டினேன். ஒரு தண்டு விடாமல் அடியோடு வெட்டினேன். இருபத்துமூன்று தண்டு இருந்தது. அதில் பாதியை இரண்டாக வெட்டினேன். டால்டா டின், கொட்டாங்கச்சி, உடைந்த பானை என்று கிடைத்ததில் எல்லாம் மண்ணை நிரப்பி, முனைக்குச் சாணி வைத்து நட்டேன். எல்லாம் பச்சையாக நின்றது. ஒரு வாரம், பத்து நாள், வாடவே இல்லை. பார்க்க வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்துக் காட்டினேன். "வேர் புடிச்சிருச்சு பாருங்க. பெங்களூர்க்காரங்களுக்கே தெரியாத வித்தை!" என்றேன். வெட்டிப் போட்டாலும் பத்து நாளுக்கு அது வாடாது, அதனால்தான் பூக்கடைக்காரர்கள் கொத்தில் வைக்கிறார்கள் என்று எனக்கு யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் பெங்களூரில் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

பதினைந்தாம் நாள் ஒரு தொட்டியை நகர்த்தினேன். பொலபொலவென்று பச்சைத் தூள் முழுக்கக் கொட்டி, வெறும் ஈர்க்குச்சி நின்றது. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் அப்படியே. சரி, தாய்த்தொட்டியில் வேர் இருக்கிறதே, அதாவது துளிர்க்கட்டும் என்று யூரியாவை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். அப்போது யூரியா புதிது. எதற்குப் போட்டாலும் எழுந்து நிற்கும் என்று நம்பினோம். நாலு நாள் கழித்துக் கிளறிப் பார்த்தேன். வேர் எல்லாம் ஊறிப்போன சோறுபோல விரலில் ஒட்டியது. அப்படியே விட்டிருந்தால்கூட அது தானாகத் துளிர்த்திருக்கும் என்று பிற்பாடு உங்களிடமே தெரிந்துகொண்டேன்.

அப்போது உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலைக்காட்டுக்குப் போனேன். ஆடு மேய்த்த காலத்தில் அங்கே அதே சாயலில் ஒரு முள்கொடியைப் பார்த்த ஞாபகம். தண்ணிவிட்டான் கொடி. இலை அதே நூல் நூலாக, புகை புகையாக இருக்கும். கிழங்கோடு தோண்டி எடுத்து வந்து உங்கள் தொட்டியிலேயே வைத்தேன். தண்டில் இருந்த முள்ளைச் சவரப் பிளேடால் ஒவ்வொன்றாகச் சீவினேன். விரலில் வெட்டிக்கொண்டேன். காம்புகளை வளைத்து நூலால் கட்டிக் குடைபோல ஆக்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே சந்தேகம் வரவில்லை. பார்க்கப் போனால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்தீர்கள். பையை இறக்கியதும் தொட்டியிடம்தான் போனீர்கள். தண்டைத் தடவினீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டீர்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"தம்பி, இதுக்கு என்னா ஆச்சு?"

"நம்மூரு காத்துங்க அண்ணி. செடி கொஞ்சம் மொரடா வளந்திருச்சு."

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டீர்கள். "சரிங்க. பிலோமிக்கு மரிக்கொழுந்து வெச்சுக் கட்டிக்கலாம்" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாள் மரிக்கொழுந்தும் வெள்ளை ரோஜாவும் வைத்துக் கொத்துக் கட்டினீர்கள். நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு தொட்டியைப் பின்னால் ஒளித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் டீக்கடையில் நாற்பது தொட்டி என்று சொல்லியாயிற்று. ஒன்றாவது காட்ட வேண்டாமா? பூசை நடக்கும்போது நழுவி வந்து, பந்தலில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, ஜிகினாக் காகிதம் சுற்றி, தொட்டியை அதன்மேல் வைத்தேன். வந்தவர்களிடம் எல்லாம், "எங்க அண்ணியோட பெங்களூர்ச் செடிங்க" என்றேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் காட்டினேன்.

போட்டோ எடுக்க நாற்காலியை இழுத்தார்கள். முக்காலி சாய்ந்தது. தொட்டி விழுந்து இரண்டாகப் பிளந்தது. மண் சிதறி, வெள்ளை வெள்ளையாக விரல் தடிமனில் கிழங்குக் கொத்து பந்தல் நடுவில் கிடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா, கன்னடம் கலந்து பேசுவாரே, அவர் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அய்யே, இது ஹலவு மக்களத் தாயி பேரு அல்லவா, பல புள்ள பெத்த தாயோட வேரு! தண்ணிவிட்டான் கெழங்கும்மா. இதப் போயி தொட்டியில வெச்சிருக்கீங்க? எங்க பக்கம் கொழந்த நிக்காதவங்க பால்ல அரைச்சுக் குடிப்பாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யார் வீட்டுச் செடி என்று அவருக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பந்தல் முழுக்க ஒரே நேரத்தில் உங்களைத் திரும்பிப் பார்த்தது.

"ஓகோ, இதான் அலங்காரச் செடியா!" என்றாள் ஒருத்தி.

"அதான் ரெண்டு மாசமா பெங்களூரா? அம்மாவுக்கு ஒடம்புன்னாங்க!" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். கல்யாண வீட்டுச் சிரிப்பு. வெற்றிலை வாயோடு சிரிக்கிற சிரிப்பு. நீங்கள் கையில் பன்னீர்ச் செம்போடு நின்றீர்கள். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். தனக்குத் தெரியாமல் தன் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று நம்பிய முகம். பிறகு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்போலப் பார்த்தீர்கள்.

ஒரு வார்த்தை போதும். 'நான் வெச்சதுங்க' என்றால் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். என்னைப் பார்த்து ஊர் சிரிப்பது புதிதா? நான் வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். "எங்க அண்ணிக்குத் தெரியாத வைத்தியமே இல்லீங்க!" என்றேன். பந்தல் இன்னொரு தடவை சிரித்தது.

"பூவு வாடிடும், பொண்ணக் கூட்டிட்டுப் போயி போட்டோ எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சின்னச் சின்னதாக நடந்தது. கிணற்றடியில் ஒருத்தி, "கெழங்கு கேக்குதாக்கா?" என்பாள். கோவிலில் நீங்கள் முன்வரிசையை விட்டுத் தூண் ஓரத்துக்குப் போனீர்கள். அண்ணன் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நான் என்னா வேணாம்னா சொல்லியிருப்பன்?" என்றார். "நான் வெக்கலீங்க" என்றீர்கள். என் பெயரை நீங்கள் எடுக்கவில்லை. அண்ணன் நம்பவில்லை. நான் அடுத்த தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

மறு வருஷம் பூக்கடைக்காரம்மா ஒரு கவரில் பஞ்சு சுற்றி ஒன்பது காய் அனுப்பினார். நீங்கள் தோலை நசுக்கிச் சதையைக் கழுவி, கறுப்பு விதைகளை ஒரு ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து, மணலும் இலைமக்கும் கலந்த தட்டில் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடினீர்கள். ஒரு மாதம் ஒன்றும் இல்லை. நான் தினமும் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. நாற்பது நாள் வாக்கில் மூன்று முளைத்தன. தையல் ஊசி நட்டாற்போல மூன்று.

மூன்று வருஷம் கழித்து ஒரு தொட்டியில் வேர் முட்டிப்போய்ப் பிரிக்க வேண்டி வந்தது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, வேர்க்கட்டியை என் இரண்டு கையிலும் வைத்தீர்கள்.

"இறுக்காதீங்க. தாங்கிப் புடிச்சா போதும். ஒவ்வொரு துண்டுலயும் தண்டும் இருக்கணும், வேரும் இருக்கணும். தண்டு மட்டும் போனா பத்து நாளு வேசம் போடும், அவ்வளவுதான்."

கத்தியை நடுவில் வைத்து அழுத்தினீர்கள்.

"அண்ணி, அன்னிக்கு நீங்களே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன். எத்தனை வருஷமாக உள்ளே உருட்டி வைத்திருந்த சொல்! வெளியே வந்தபோது அதுவும் உங்கள்மேல் குற்றம் போடுகிற மாதிரியே வந்தது.

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன் தம்பி."

"எப்பங்க?"

"பந்தல்ல. அப்புறம் மறு வாரம். அப்புறம் உங்க கல்யாணம் முடியட்டும்னு. அப்புறம் பார்க்கறத வுட்டுட்டேன். கையத் திருப்புங்க, இந்தப் பக்கமும் வெட்டணும்."

நான்கு துண்டு ஆயிற்று. நான்கும் பிழைத்தன. அதிலிருந்து எட்டு, பதினாறு. இன்று இண்டூர் வரைக்கும் பல வீட்டு வாசலில் அந்தச் செடி நிற்கிறது. இண்டூரில் கேட்டுப் பாருங்கள், 'அவரு கை ராசி' என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம், நீங்கள் கண்மூடிய முப்பதாம் நாள் பூசை. சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்து உங்களைப் பற்றியே பேசினார்கள். நல்லதாகத்தான் பேசினார்கள். யாரோ, "அந்தக் கெழங்குக் கதையச் சொல்லுங்க மாமா" என்றார்கள். ஊரில் கதை என்றால் நான்தானே. சொன்னேன், அண்ணி. தொட்டி உடைந்தது, பெரியம்மா எடுத்தது, அண்ணி முகம் சிவந்தது. இல்லாததும் சேர்த்தேன்: நீங்கள் கிழங்கைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு ஓடினீர்கள் என்று. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். உங்கள் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் மட்டும் எழுந்து கை கழுவப் போனார்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுத வந்தேன். அது கூட்டல். சோறு இறங்கியது. ஆனால் பேச்சு இறங்கிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால் கதை சொல்ல வாய் வரவில்லை.

நேற்று மத்தியானம் அண்ணனிடம் போனேன். களத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அந்தக் கெழங்கு அண்ணி வெச்சது இல்ல. நான் வெச்சது."

அவர் கை நிற்கவில்லை. நான் நாற்பது தொட்டியில் தொடங்கி, டால்டா டின், யூரியா, மலைக்காடு, பிளேடு, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை. முடித்ததும் அவர் மெல்லச் சிரித்தார்.

"பிளேடால முள்ள சீவினியா?"

"ஆமாண்ணா. ஒண்ணொண்ணா."

"நல்லாத்தான் கட்டறடா. அவ போன பொறகாவது அவளுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கணும்னு ஒனக்குத் தோணிச்சே, அது போதும்."

"கதை இல்லண்ணா. சத்தியம்."

"நீ எத்தன சத்தியம் பண்ணியிருக்கற! வுடு. மருந்து வெச்சிருந்தா அது ஒரு குத்தமா? பாவம், ஆசப்பட்டு வெச்சிருப்பா. நான் எப்பவோ அவள மன்னிச்சிட்டேன்."

மன்னித்துவிட்டாராம், அண்ணி. நீங்கள் செய்யாததற்கு. இத்தனை வருஷம் ஒரே வூட்டில் அந்த மன்னிப்பைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

நாளைக்கும் அவர் புளி உடைப்பார். நானும் போய் எதிரில் உட்காருவேன். நேற்றுச் சொன்னதையே, அதே வரிசையில், ஒரு சொல் கூடாமல் குறையாமல் மறுபடி சொல்வேன். மறுநாளும் சொல்வேன். என் பொய்களை எல்லாம் அவர் குழந்தையிலிருந்து கேட்டவர். இரண்டாம் தடவை சொல்லும்போது அவை கொஞ்சமாவது வளர்ந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இது மட்டும் வளராமலே இருப்பதைப் பார்த்து, ஒரு நாளாவது அவர் கையை நிறுத்துவார்.